பத்தாம் வகுப்பும் நான்கு வருடமும்

மருந்து மொத்த வியாபாரத்துக்கு உரிமம் கேட்பவர், தகுதியுள்ள பொறுப்பாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். அவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்கலாம். பட்டம் பெற்று மருந்துத் துறையில் ஓராண்டு வேலை பார்த்தவராக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், பத்தாம் வகுப்பு தேறி, மருந்து விற்பனையில் நான்கு வருட அனுபவம் உள்ளவராக இருந்தால் போதும். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 64ஆவது விதி இதைச் சொல்கிறது. பக்கத்தைப் புரட்டி 65ஆவது விதிக்கு வந்தால் பேச்சு மாறிவிடுகிறது. சில்லறை மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அங்கே கவுண்டரில் நாற்பது வருடம் நின்றவருக்கும் சட்டத்தில் இடம் கிடையாது.

பெட்டி பெட்டியாக மருந்து விற்பவருக்கு அனுபவம் தகுதி. அட்டையில் நான்கு மாத்திரை வெட்டிக் கொடுப்பவருக்கு அது தகுதியே அல்ல. இதில் நியாயம் இல்லாமல் இல்லை: மொத்த வியாபாரி நோயாளியை நேரில் பார்ப்பதில்லை, சில்லறைக் கடைக்காரர் பார்க்கிறார். ஆனாலும், முதல் வேலையில் ஒருவர் கற்றுக்கொள்வதை நாடு எப்படிக் கணக்கில் வைக்கிறது, எங்கே கணக்கில் வைக்காமல் விடுகிறது என்று பார்க்க இந்த இரண்டு விதிகளும் நல்ல வாசல்.

திருத்தணி போன்ற ஊரில் இவை ஒரே தெருவில் வாழ்கின்றன. முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்று என்பதால் ஆண்டு முழுக்க வெளியூர்க் கூட்டம். ஆடிக் கிருத்திகை என்றால் காவடிக் கூட்டம். டிசம்பர் 31 இரவு 365 படிகளுக்கும் பூசை செய்து ஏறும் கூட்டம். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திரத்தின் நகரி. சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கோடு மாறியதே தவிர, கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்குவது மாறவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தறியில் உட்கார விருப்பமில்லை. உட்காரச் சொல்லப் பெற்றோருக்கும் மனமில்லை.

அப்படியானால் பன்னிரண்டாவது முடித்த பையனோ பெண்ணோ முதலில் எங்கே போவார்கள்? பெரும்பாலும் நான்கு இடங்கள்தான் கண்ணில் படும்: மெடிக்கல் ஷாப், தனியார் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடையோ மளிகைக்கடையோ, அல்லது ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம் பக்கம் இருக்கும் குடோன். விளம்பரம் பார்த்து, விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போவதெல்லாம் அபூர்வம். தெரிந்தவர் சொல்வார், அடுத்த நாள் வரச் சொல்வார்கள். வேலையில் சேர்ந்ததற்கான தாள் அந்த முதல் நாளிலேயே இல்லாமல் போகிறது.

மெடிக்கல் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் கிடைப்பது தூசு தட்டும் துணி. அது வெறும் எடுபிடி வேலைபோலத் தெரியும். ஆனால் ரேக்கைத் துடைக்கும்போதே பெயர்கள் கண்ணில் பதிகின்றன. ஒரு கடையில் அகரவரிசை, இன்னொன்றில் கம்பெனி வாரியாக அடுக்கு. சிரப் பாட்டில்கள் கீழ்த்தட்டில், அடிக்கடி ஓடும் மருந்து கைக்கெட்டும் உயரத்தில். அடுத்த கட்டம், ஏஜென்சியிலிருந்து வரும் சரக்கைப் பில்லோடு ஒப்பிடுவது: பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, எம்.ஆர்.பி., எண்ணிக்கை. பிறகு, எக்ஸ்பயரி நெருங்கும் சரக்கைத் தனியே பிரித்துத் திருப்பி அனுப்பும் வேலை. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் குளிர்பெட்டிக் கதவைத் திறக்கக் கூடாது. நாலு மாத்திரை மட்டும் கேட்கிறவருக்கு அட்டையை வெட்டும்போது, தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கும்படி எதிர்முனையிலிருந்து வெட்ட வேண்டும். இல்லையென்றால், மிச்சம் இருக்கும் துண்டு எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் வகுப்பறையில் வருவதைவிடச் சீக்கிரமாகக் கவுண்டரில் வந்துவிடும்.

சட்டம் அந்தப் பையனைத் தேடி வருவதும் கவுண்டரில்தான். 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. முதலில் 46 மருந்துகள்: வீரியமான சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மாத்திரைகள். இவற்றை விற்கும்போது சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். கூட்ட நேரத்தில் அந்த ரெஜிஸ்டரை நிரப்பும் வேலை பல கடைகளில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக வருவதுதான் கடினமானது, சீட்டைப் படிப்பது. மருந்துப் பெயர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பது உலகளாவிய தொல்லை. அமெரிக்காவில் வயிற்று அமிலத்துக்கான 'லோசெக்' என்ற மருந்து, சிறுநீரைப் பெருக்கும் 'லாசிக்ஸ்' என்பதோடு குழம்பியதால் 1990இல் 'பிரைலோசெக்' என்று பெயரையே மாற்றிக்கொண்டது. இந்தியாவில் 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் பெயர்ச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் அந்த வழக்கில் நீதிமன்றம், மற்ற சரக்குகளைவிட மருந்துப் பெயர்களில் கண்டிப்பு அதிகம் வேண்டும் என்றது. டாக்டரும் மருந்தாளுநரும்கூடத் தவறக்கூடியவர்கள், இந்த நாட்டில் வாங்குபவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது என்று காரணமும் சொன்னது. எல்லை ஊரில் இந்தச் சிக்கலோடு ஒரு மொழியும் கூடுதலாகச் சேர்கிறது. நகரிப் பக்கத்துக்காரர் ஜ்வரம், தக்கு, நொப்பி என்பார். காய்ச்சல், இருமல், வலி என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த கடைப் பையன் அங்கே பாதி மொழிபெயர்ப்பாளர். வாடிக்கையாளர் கையில் இருக்கும் சீட்டு வேலூர் சி.எம்.சி.யிலிருந்து வந்ததாக இருக்கலாம், திருப்பதியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இந்தத் திறமைக்கு எந்தக் கல்லூரியும் மதிப்பெண் போடுவதில்லை.

இதையெல்லாம் கற்ற ஒருவரை மருந்து கொடுக்க விடலாமா என்ற கேள்வி புதிதல்ல. 1930இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, 1931இல் அறிக்கை தந்தபோது, பயிற்சியற்ற கைகளில் மருந்து புழங்குவதை ஒரு நோயாகவே கண்டது. 1940இன் மருந்துச் சட்டமும் 1948இன் பார்மசி சட்டமும் அந்த அறிக்கையின் வழியில் வந்தவை. இந்த இரண்டாவது சட்டத்தில்தான் சுவாரசியம் இருக்கிறது. முதல் பதிவேட்டைத் தயாரித்தபோது, பட்டயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ ஐந்து வருடத்துக்குக் குறையாமல் மருந்து கலந்து கொடுத்தவர்களுக்கு 31ஆவது பிரிவு கதவைத் திறந்துவைத்தது. நம் பாட்டிமார் வாயில் இன்றும் புழங்கும் கம்பவுண்டர் இந்தக் கதவு வழியாகத்தான் மருந்தாளுநர் ஆனார். கதவு ஒரு தலைமுறைக்கு மட்டும். பிறகு படிப்புதான் வழி என்றாயிற்று. அந்த முடிவு சரியே. மருந்து எப்படி வேலை செய்கிறது, எதோடு எது சேரக்கூடாது என்பதெல்லாம் ரேக்கைத் துடைத்துக் கற்கும் விஷயமல்ல. கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாததைக் கொடுத்துக் கற்றுக்கொள்ள யாரையும் விட முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே பாலம் இல்லை. டி.பார்ம் என்பது இரண்டாண்டுப் படிப்பு. அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, அதில் 250 மணி நேரம் சீட்டுக்கு மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டும். படிப்பை முடித்த பிறகு செய்யும் 500 மணிக்கு மதிப்பு உண்டு. படிப்பதற்கு முன் அதே கவுண்டரில் செய்த ஐயாயிரம் மணிக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மருந்தாளுநருக்குக் கீழே 'டெக்னீஷியன்' என்ற படி ஒன்று இருக்கிறது. 1995இல் தொடங்கிய அந்நாட்டுச் சான்றளிப்பு வாரியம், 2020 முதல் தேர்வு எழுதுவதற்கான வழிகளில் ஒன்றாக 500 மணி நேர வேலை அனுபவத்தை ஏற்றுக்கொள்கிறது. எண் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. அந்த நடுப்படி நம் சட்டத்தில் இல்லை. மருந்தாளுநர் இருக்கிறார், அப்புறம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பையன் இருக்கிறான். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் பார்மசி உதவியாளர் என்ற பயிற்சி உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் எதையும் கூடுதலாகச் செய்துவிட முடியாது.

நடுப்படி இல்லாத இடத்தில் குறுக்குவழி முளைக்கும். பட்டயம் பெற்றவர் தன் சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவதும், அதற்கு மாதாமாதம் ஒரு தொகை வாங்குவதும் தமிழ்நாட்டில் ஊரறிந்த விஷயம்; 'சர்டிபிகேட் வாடகை' என்றே அதற்குப் பெயர். 2015இன் பார்மசி நடைமுறை விதிகள் இதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்கின்றன. 2022 நவம்பரில் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பதிவுபெற்ற மருந்தாளுநர் இல்லாமல் ஆஸ்பத்திரியும் மருந்தகமும் நடத்துவதும், போலி மருந்தாளுநரை வைத்து நடத்துவதும் மக்கள் உடல்நலத்தைப் பாதிக்கும் என்று சொல்லி, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சுவரில் தொங்கும் தாளுக்கு வாடகை கிடைக்கிறது. கீழே நிற்பவருக்கு சம்பளம் கிடைக்கிறது. இருவரில் மருந்தைத் தொடுகிறவர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. எல்லை ஊரில் இன்னொரு முடிச்சும் உண்டு. மருந்தாளுநர் பதிவு மாநில வாரியானது. ஆந்திரக் கவுன்சிலில் பதிந்தவர் சாலையைத் தாண்டி வந்து தமிழ்நாட்டுக் கடையில் பொறுப்பேற்க, பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பட்டயம் கையில் இருப்பவருக்கு இப்போது வேறு கதவுகளும் திறக்கின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன. பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களும் கூட்டுறவு அமைப்புகளும் நடத்தலாம். தனிநபருக்கு 3 லட்சம் ரூபாய் வரை அரசு உதவி. கவுண்டரில் வளர்ந்த ஒருவர் இடையில் டி.பார்ம் முடித்திருந்தால் இந்த வாய்ப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது. முடிக்காதவர் அங்கேயும் உதவியாளராகத்தான் சேர முடியும்.

ஆஸ்பத்திரிப் பக்கம் இந்தக் கோடு இன்னும் மங்கல். சிறு தனியார் ஆஸ்பத்திரிகளில் வெள்ளைக் கோட்டுப் பெண்கள் எல்லாரையும் நோயாளிகள் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவர்களில் பதிவுபெற்ற செவிலியர் இருப்பார். ஓராண்டு உதவியாளர் படிப்பு முடித்தவர் இருப்பார். எதுவும் படிக்காமல் வேலையிலேயே கற்றவரும் இருப்பார். படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் போடுவது, வெப்பமும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பது, லேபுக்கு மாதிரி கொண்டுபோவது ஆகியவை உதவியாளர் வேலை. ஊசி போடுவது அல்ல. இரவு ஷிஃப்டில் ஆள் குறைந்தால் இந்த இரண்டாவது வாக்கியம் தேய்ந்துபோகும். 1997இன் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு விதிகள் வர 2018 ஆயிற்று என்ற ஒரு தகவல் போதும், இந்தத் துறையில் கண்காணிப்பு எத்தனை நிதானமாக நடந்தது என்று காட்ட.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கதையாகவே தெரியும் ஒரு வேலை, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாதாந்திர மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. தெருவில் யாருக்குச் சர்க்கரை ஏறுகிறது, யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் இருக்கிறார் என்பது இந்தப் பெண்களுக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆனால் அவர்களின் பெயர் தன்னார்வலர். கையில் வருவது ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்று எழுதிவிட்டால் பணி மூப்பும் பதவி உயர்வும் பேச்சிலேயே வராது.

கொரோனா காலத்தில் மட்டும் அரசு வாய்விட்டு ஒரு வாக்குறுதி சொன்னது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் நடுவே, கோவிட் பணியில் 100 நாள் முடிக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு நிரந்தர அரசு வேலைகளில் முன்னுரிமை தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. அனுபவத்துக்கு நாள் கணக்கில் மதிப்புப் போட்ட அரிய தருணம் அது. தமிழ்நாட்டில் அந்தச் சமயத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் போராட்டத்தில் இருந்தார்கள். இவர்கள் முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், வார்டில் கூடமாட நின்ற உதவியாளரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

கடை வேலைக்கு வருவோம். கோயில் ஊரில் விற்பனைக்கு ஒரு தனித் தாளம் உண்டு. கிருத்திகைக்கு முன்னும் பின்னும் கை ஓயாது. இடைப்பட்ட நாட்களில் ஈ ஓட்டலாம். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கற்பது, கூட்டத்தில் வாங்க வந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று பிரிப்பது. அதன்பின் ஸ்டாக் எடுப்பது, பில் போடுவது, மாலையில் கல்லாவில் கணக்கு உதைத்தால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது. ஆனால் இந்த வேலையின் நினைவு பெரும்பாலானவர்களுக்குக் காலில்தான் இருக்கிறது. 2010இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' சென்னைத் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஊழியர்களைக் காட்டியபோது, பலர் முதன்முறையாகக் கவனித்தது அவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்பதைத்தான். கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் 1947இன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது: எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கக் கூடாது.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத 41ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் முறையிடலாம். எழுபது வருடத்துக்கும் மேலாக ஏட்டில் இருக்கும் பாதுகாப்பு இது. ஆறு மாதம் வேலை பார்த்தோம் என்று காட்ட என்ன இருக்கிறது என்ற கேள்வியில் போய் இது நிற்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, சம்பளம் கையில் கொடுத்தது, சீருடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சட்டம் தரும் உரிமையைச் சட்டம் கேட்கும் ஆதாரம் விழுங்கிவிடுகிறது.

குடோன் இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு, ஆளுக்கு மட்டும் இல்லை.

நல்ல குடோன் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சொந்த உதாரணம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கி விநியோகிக்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாவட்டக் கிடங்குகள் வந்தன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புக். எடுக்கும் மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். பரிசோதனையில் தேறிய சரக்கு மட்டும் வெளியே போகும். எந்தப் பெட்டி முதலில் வந்தது என்பதைப் பார்க்காமல், எது முதலில் காலாவதியாகும் என்று பார்த்து அதை முதலில் அனுப்புவார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. இந்த ஒழுங்கைத் தினமும் கையால் நடத்துவது பெட்டி தூக்குபவரும் அடுக்குபவரும்தான். அட்டைப்பெட்டியில் அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும், சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது, நனைந்த பெட்டியைத் தனியே எடுத்து வைத்துச் சொல்ல வேண்டும் என்பவை சில வாரங்களில் பழகிவிடும். பழகாதவர் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட மருந்து போகும்.

தனியார் குடோன்களில் ஒழுங்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது. கையில் ஸ்கேனர், எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனை என்று திரை சொல்லும், ஒரு மணியில் எத்தனை எடுத்தார் என்பதும் அதே திரையில் சேரும். புதியவருக்கு இது வசதி, ஒரே நாளில் வேலை பழகிவிடலாம். அதிலேயே வினையும் இருக்கிறது: ஒரே நாளில் பழகும் வேலைக்கு ஐந்து வருட அனுபவம் இருந்து என்ன பயன்? மெடிக்கல் ஷாப்பில் அறிவு ஆளிடம் சேர்கிறது. இங்கே கருவியிடம் சேர்கிறது. 2024 கோடையில் ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், குறிப்பிட்ட எண்ணிக்கை லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ மாட்டோம் என்று ஊழியர்களை உறுதி சொல்லவைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து மத்திய தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்பியது. திருவள்ளூர் மாவட்டத்திலும் இந்தத் துறை வளரப்போகிறது. மப்பேட்டில் அமையும் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. திருத்தணி இளைஞர்களுக்கு அது பேருந்து தூரம்.

இந்த நான்கு வேலைகளிலும் அனுபவம் தாளாக மாறும் வழி எது? நடைமுறையில் பி.எஃப். கணக்குதான். அது சேமிப்புக்காக வந்தது. 2014 முதல் ஒருவருக்கு ஒரே நிரந்தர எண் என்று ஆனபின், எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை இருந்தார் என்பதற்கு அது சாட்சி ஆகிவிட்டது. புது வேலைக்குப் போகும்போது மனிதவளப் பிரிவினர் கேட்பது அதைத்தான். ஆனால் பி.எஃப். 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு, ஈ.எஸ்.ஐ. 10 பேருக்குக் குறையாதவற்றுக்கு. மூன்று பேர் நிற்கும் மெடிக்கல் ஷாப் இரண்டிலும் வராது. ஒருவர் நிறையக் கற்கும் சிறிய கடையில் சுவடே இல்லை. கொஞ்சமாகக் கற்கும் பெரிய குடோனில் மாதாமாதம் சுவடு பதிகிறது, அதுவும் பெரும்பாலும் காண்ட்ராக்டர் பெயரில்.

அப்ரன்டிஸ் முறையும் முழுத் தீர்வல்ல. 1961இன் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் சேர்பவருக்குப் பயிற்சி முடிவில் சான்றிதழ் உண்டு. 2019 விதித் திருத்தத்தில் மாத உதவித்தொகை படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. தாள் வேண்டுமென்றால் தொழிலாளி என்ற நிலையை விட வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, வேலைக்கு எடுக்கும்போதே நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதன் 56ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், அவர் செய்த வேலையின் விவரத்தோடு அனுபவச் சான்றிதழை ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டும். பழைய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளில் வேலை முடியும்போது மட்டும் என்று இருந்த சான்றிதழ், இனி கேட்கும்போதே கிடைக்க வேண்டும் என்பது நல்ல மாற்றம். எல்லைகளைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் அடங்கும். ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேருக்குக் குறையாத இடங்களுக்கு. தொகுப்பே பொதுவாக 10 பேருக்குக் குறையாதவற்றுக்கு. குடோன் பையன் உள்ளே வருகிறான், மெடிக்கல் ஷாப் பையன் வெளியிலேயே நிற்கிறான்.

ஆகவே அவன் மீண்டும் 64ஆவது விதிக்கே போக வேண்டியிருக்கிறது. பத்தாவது மதிப்பெண் பட்டியல் வீட்டில் இருக்கிறது. நான்கு வருடம் உண்மையாகவே உழைத்தது. சொந்தமாகச் சின்ன ஏஜென்சி தொடங்கலாம், பத்து சதுர மீட்டர் இடம் இருந்தால் சட்டப்படி போதும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்பது, அந்த நான்கு வருடத்துக்கு உரிமம் பெற்ற கடை ஒன்றின் கடிதம். அதை எழுதித் தர வேண்டியவர் பழைய முதலாளி. எழுதித் தந்தால், இத்தனை வருடம் ஒருவரைப் பதிவேட்டில் சேர்க்காமல் வைத்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதே தெருவில் ஒரு போட்டியாளரையும் உருவாக்கியதாக ஆகும். பலர் நல்ல மனதோடு எழுதித் தருகிறார்கள். சிலர் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள்.